லினக்ஸில் ஒலிப்பதிவு: சவுண்ட் கார்டும் லேப்டாப்பும் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

லினக்ஸில் ஒலிப்பதிவு தொடங்க நினைக்கும் பலர், கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை லேப்டாப்பில் போட்டுவிட்டு மிச்சத்துக்கு ஏதோ ஒரு சவுண்ட் கார்டை வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். லேப்டாப் சில ஆண்டுகளில் மாறிவிடும். நல்ல கார்டு பத்து ஆண்டுகள் தாண்டியும் மேசையில் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. லேப்டாப்பின் குறைகளில் பாதியை அமைப்புகளை மாற்றிச் சரிசெய்துவிடலாம். லினக்ஸோடு ஒத்துப்போகாத கார்டை வைத்துக்கொண்டு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

சவுண்ட் கார்டு என்று இங்கே சொல்வது யுஎஸ்பி வழியாக வெளியே இணைக்கும் பெட்டியை. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்றும் சொல்வோம். லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் ஒலிச் சில்லு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே எடிட் செய்யப் போதும். பதிவுக்கு அது உதவாது: கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேன்டம் பவர் அதில் கிடையாது, ஸ்டுடியோ மைக் கேபிளைச் சொருகும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் கிடையாது, மைக் வழியே வரும் இரைச்சலும் அதிகம்.

படி 1: உங்கள் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள்

மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை மைக் அல்லது வாத்தியம் பதிவாக வேண்டும்? வாசிக்கும்போதே அந்த ஒலி கணினிக்குள் போய், எஃபெக்ட் சேர்ந்து, திரும்பி உங்கள் காதுக்கு வர வேண்டுமா? பதிவு நடக்கும் அறையிலேயே லேப்டாப்பும் இருக்குமா?

தனியாகப் பாடிப் பதிபவருக்கு இரண்டு உள்ளீடு போதும். டிரம்ஸ் செட்டுக்கோ, நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் கச்சேரிக்கோ எட்டு வேண்டும். 'எப்போதாவது தேவைப்படும்' என்று எட்டு உள்ளீடு வாங்கி ஆறைத் தூசி படிய விடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டே வேண்டியவர் அதே பணத்துக்கு இன்னும் நல்ல ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதி) உள்ள இரண்டு உள்ளீட்டுக் கார்டு வாங்கலாம். பின்னால் விரிவாக்க நினைத்தால் ஏடாட் ஆப்டிகல் உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். அது ஒன்று இருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் மேலும் எட்டு சேனல்களை வேறொரு ப்ரீஆம்ப் பெட்டியிலிருந்து கொண்டுவந்துவிடலாம்.

இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதற்கு முதலில் தாமதம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும்.

படி 2: தாமதக் கணக்கு

கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை. குடம் குடமாக வாங்குகிறது. அந்தக் குடத்துக்கு பஃபர் என்று பெயர், அதன் அளவைச் சொல்வது ஃபிரேம் எண்ணிக்கையில். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு நொடிக்கு 48,000 ஃபிரேம். 128 ஃபிரேம் பஃபர் நிறைய 2.67 மில்லிநொடி ஆகும்.

உள்ளே வரும்போது ஒரு பஃபர், வெளியே போகும்போது வழக்கமாக இரண்டு. ஆக 128 ஃபிரேமில் போய்வர 8 மில்லிநொடி. 64 ஃபிரேமில் 4, 256 ஃபிரேமில் 16. இதோடு கார்டுக்குள் அனலாகை டிஜிட்டலாகவும் திரும்ப அனலாகாகவும் மாற்றும் சில்லுகளுக்கும், யுஎஸ்பி போக்குவரத்துக்கும் ஆகும் சில மில்லிநொடிகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இது அதிகமா குறைவா? காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 செண்டிமீட்டர் போகும். ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று கிடார் வாசிப்பவர் எப்போதும் 9 மில்லிநொடி தாமதத்தோடுதான் வாசிக்கிறார். அவருக்கு அது உறுத்துவதில்லை. ஆகவே கிடாருக்கும், கணினியின் வாத்திய ஒலிகளை வாசிக்க உதவும் மிடி கீபோர்டுக்கும் 10 மில்லிநொடிக்குள் வந்துவிட்டால் நிம்மதியாக வேலை செய்யலாம். பாடுபவர் கதை வேறு. அவருடைய குரல் மண்டையெலும்பு வழியே தாமதமே இல்லாமல் காதுக்குள் வந்துவிடுகிறது. ஹெட்போனில் சில மில்லிநொடி கழித்து வரும் அதே குரல் அதோடு மோதும்போது குரல் குழாய்க்குள் பாடுவதுபோல மெலிந்து ஒலிக்கும். எவ்வளவு வேகமான லேப்டாப் வாங்கினாலும் இது முழுதாகப் போகாது. அதற்கு மருந்து கார்டில்தான் இருக்கிறது: மைக் ஒலியைக் கணினிக்கு அனுப்பும் முன்பே நேராக ஹெட்போனுக்குக் கொடுக்கும் டைரக்ட் மானிட்டரிங். பாடகர்களுக்குக் கார்டு வாங்கும்போது இந்த வசதிக்குப் பெட்டியின் மேலேயே ஒரு திருகோ பொத்தானோ இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பஃபரைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு குடமும் காலியாகும் முன் அடுத்ததை நிரப்பித் தர வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டே வரும். 64 ஃபிரேமில் அந்தக் கெடு 1.33 மில்லிநொடி. ஒரே ஒரு முறை தவறினாலும் டிக் என்று ஒரு சத்தம் பதிவில் ஏறிவிடும். அதைத்தான் எக்ஸ்ரன் என்கிறோம். ஒரு மணி நேரத்தில் லட்சக்கணக்கான கெடுக்கள். அத்தனையிலும் தவறாமல் வந்து நிற்கும் கணினிதான் ஒலி வேலைக்கு வேண்டும். விளம்பரத்தில் போடும் வேகம் சராசரியைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது மிக மோசமான அந்த ஒரு கணத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பது.

படி 3: சவுண்ட் கார்டு

முதல் வடிகட்டி: கார்டு யுஎஸ்பி ஆடியோ தரநிலையைப் பின்பற்ற வேண்டும். கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று பெட்டியிலோ கையேட்டிலோ சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட கார்டுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. லினக்ஸின் உட்கருவான கர்னலில், ஆல்சா என்ற ஒலிப் பகுதியில் இருக்கும் பொது யுஎஸ்பி டிரைவரே போதும். கையேட்டில் லினக்ஸ் என்ற சொல்லைத் தேடி ஏமாறாதீர்கள், அநேகமாக யாரும் எழுதுவதில்லை. ஐபேடில் டிரைவர் எதுவும் நிறுவாமல் இயங்கும் என்று எழுதியிருந்தால் அது நல்ல அறிகுறி, ஐபேடும் பொதுவாக இதே தரநிலையைத்தான் நம்பியிருக்கிறது.

தரநிலையில் கிளாஸ் 1, கிளாஸ் 2 என்று இரண்டைப் பெரும்பாலும் பார்ப்பீர்கள். கிளாஸ் 1 நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் ஓடுவது. நிறைய சேனல்களை அதில் எதிர்பார்க்க முடியாது. கிளாஸ் 2 நொடிக்கு 480 மெகாபிட்டில் ஓடும். அதை லினக்ஸ் 2010-லேயே ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் 10-க்கு அது வந்தது 2017-இல்தான். கார்டில் டைப்-சி சாக்கெட் இருப்பதை வைத்து வேகமான கார்டு என்று நினைக்க வேண்டாம். பல கார்டுகள் அந்த சாக்கெட்டுக்குப் பின்னால் யுஎஸ்பி 2.0-தான் பேசுகின்றன. அதில் குறையும் இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 1.15 மெகாபிட்தான் ஆகும்.

இரண்டாவது வடிகட்டியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கார்டுக்குள் ஒரு சிறு மிக்ஸர் இருக்கும்: எந்த உள்ளீடு எந்த வெளியீட்டுக்குப் போக வேண்டும், ஹெட்போனில் எது கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும். சில கார்டுகளில் அதை இயக்க உற்பத்தியாளரின் மென்பொருள் வேண்டும், அந்த மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும் இருக்கும். கார்டை லினக்ஸ் கண்டுகொள்ளும், ஒலி வரும், பதிவும் ஆகும். ஆனால் 48 வோல்ட்டை இயக்க முடியாது, அல்லது மூன்றாம் நான்காம் வெளியீட்டில் எதுவும் வராது. எனக்கே இது நேர்ந்தது. பல உள்ளீடுகள் உள்ள ஒரு கார்டை, கிளாஸ் கம்ப்ளையன்ட் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி வாங்கினேன். ரூட்டிங் மாற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் நண்பரின் கணினிக்கு அதைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது. எட்டு மாதம் அப்படி ஓட்டினேன். அதனால் இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: கெயின் (மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பது), 48 வோல்ட், மானிட்டர், ஹெட்போன் அளவு எல்லாம் கைக்கு எட்டும் திருகுகளாகவும் பொத்தான்களாகவும் இருக்கும் கார்டை வாங்குங்கள்.

இந்த இரண்டு வடிகட்டிகளையும் வைத்துப் பார்த்தால் சில கார்டுகள் மேலே வருகின்றன. மோட்டு எம்2, எம்4 இரண்டிலும் எல்லாக் கட்டுப்பாடும் முகப்பிலேயே இருக்கிறது. அளவைக் காட்டும் சிறு திரையும் உண்டு. நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றை. பெரிங்கர் யுஎம்சி202ஹெச்டி, யுஎம்சி404ஹெச்டி எளிய தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் அதே குடும்பத்தின் யுஎம்சி22-ஐ அவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஆர்எம்இ பேபிஃபேஸ் ப்ரோவில் தனியாக கிளாஸ் கம்ப்ளையன்ட் பயன்முறை உண்டு. அதில் போட்டுவிட்டால் லினக்ஸில் நன்றாக இயங்கும், மிக்ஸரை ஆல்சா வழியே தொடும் ஏற்பாடும் கர்னலில் இருக்கிறது.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் கார்டுகளுக்குத் தனியாகச் சில வரிகள் தேவை. அவற்றின் உள் மிக்ஸர் மென்பொருளால் இயங்குவது. ஒரு காலத்தில் லினக்ஸ்காரர்கள் அதனாலேயே பெரிய ஸ்கார்லெட்டுகளை ஒதுக்கினார்கள். ஜெஃப்ரி பென்னட் என்ற டெவலப்பர் அந்த மிக்ஸருக்கான கர்னல் டிரைவரையும், ஆல்சா ஸ்கார்லெட் ஜியூஐ என்ற வரைகலைக் கருவியையும் எழுதினார். கர்னல் 6.7 முதல் அந்த டிரைவர் தானாகவே இயங்குகிறது. நான்காம் தலைமுறைக் கார்டுகளுக்கு அதற்கும் பிந்தைய கர்னல் வேண்டும். நீங்கள் வாங்க நினைக்கும் மாடல் உங்கள் கர்னலில் சேர்ந்துவிட்டதா என்று அந்தக் கருவியின் பக்கத்தில் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். இன்னொன்று: புதிதாகப் பெட்டியைப் பிரித்து இணைக்கும்போது மூன்றாம், நான்காம் தலைமுறை ஸ்கார்லெட்டுகள் ஒரு சிறு டிஸ்க்காகவும் தோன்றும். வாங்கிய கார்டை உங்கள் பெயரில் பதிவுசெய்துகொள்ளும் இணையப் பக்கத்தைக் காட்டத்தான் அது. அந்தப் பயன்முறையை நிறுத்தினால்தான் கார்டின் எல்லா வசதிகளும் திறக்கும்.

தண்டர்போல்ட்டில் மட்டும் இயங்கும் கார்டுகளைத் தொடாதீர்கள். அவற்றுக்கு உற்பத்தியாளரின் டிரைவர் வேண்டும், லினக்ஸுக்கு அது அநேகமாக இல்லை. ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வகைக் கார்டுகள் பழைய பொருள் விலையில் கிடைக்கும்போது ஆசை காட்டும். கர்னலில் அவற்றில் பலவற்றுக்கு இன்னமும் டிரைவர் உண்டு. ஆனால் இன்றைய லேப்டாப்பில் ஃபயர்வயர் சாக்கெட் கிடையாது, மாற்றிகளை அடுக்கி ஓட்ட வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும், புதிதாக வாங்க வேண்டாம்.

மின்சாரத்தையும் பாருங்கள். யுஎஸ்பி 2.0 சாக்கெட் ஒன்று தரக் கடமைப்பட்டிருப்பது 500 மில்லியாம்பியர், அதாவது 2.5 வாட். யுஎஸ்பி 3 சாக்கெட் 900 மில்லியாம்பியர். நான்கு மைக்குக்கு 48 வோல்ட் கொடுத்துக்கொண்டு இரண்டு ஹெட்போனையும் ஓட்ட நினைத்தால் தனி மின் அடாப்டர் உள்ள கார்டே நல்லது.

192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். 48-இல் பதிவு செய்தால் மனிதக் காது கேட்கும் எல்லை முழுவதும் அடங்கிவிடும். 96-க்குப் போனால் அதே ஃபிரேம் எண்ணிக்கையில் தாமதம் பாதியாகும், ஆனால் பிளக்-இன்களின் (எஃபெக்ட் சேர்க்கும் சிறு மென்பொருள்களின்) சுமை இரட்டிப்பாகும்.

படி 4: லேப்டாப்

பிராசஸரில் எத்தனை கோர் என்று எண்ணுவதைவிட, ஒரு தனி கோர் எவ்வளவு திடமானது என்று பாருங்கள். ஒரு டிராக்கில் ஈக்வலைசர், கம்ப்ரசர், ரிவெர்ப் என்று வரிசையாகப் போட்டால் முந்தையது முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்க முடியும். அந்தச் சங்கிலி ஒரே கோரில்தான் ஓடும். வெவ்வேறு டிராக்குகளை வேண்டுமானால் வெவ்வேறு கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பழைய லேப்டாப் தேடுபவருக்கு ஒரு எல்லைக்கோடு: இன்டெலின் மெல்லிய லேப்டாப் பிராசஸர்கள் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையில்தான் இரண்டு கோரிலிருந்து நான்குக்குத் தாவின. நிறுவனங்களுக்கென்று செய்யப்பட்ட லேப்டாப்கள், உதாரணத்துக்கு திங்க்பேட் டி480 போன்றவை, அந்தத் தலைமுறையிலிருந்து பார்த்தால் இன்றும் பதிவு வேலைக்குத் தாங்கும். ஏஎம்டி ரைசனும் சரிதான். இரண்டுக்கும் நடுவே நான் ஒன்றைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

வெப்பம்தான் உண்மையான பிரச்சினை. மெல்லிய உடலுக்குள் சக்திவாய்ந்த பிராசஸரை அடைத்தால் முதல் சில நிமிடங்கள் பறக்கும், சூடானதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையில் ஐந்து நிமிடம் சோதித்தவருக்குத் தெரியாது, முக்கால் மணி நேரப் பதிவின் நடுவே தெரியும். நல்ல காற்றோட்டம் உள்ள கொஞ்சம் தடிமனான உடல் எனக்கு எப்போதும் மேல். கூடவே விசிறிச் சத்தம்: மைக் இருக்கும் அறையில் லேப்டாப் இருந்தால் கண்டென்சர் மைக் அதை இரக்கமில்லாமல் பிடித்துவிடும். அந்த நிலையில் இருப்பவருக்கு 15 வாட் வகைப் பிராசஸரே ஏற்றது. 45 வாட் வகை, பெரிய மிக்ஸ் செய்பவருக்கு.

தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். பிராசஸரோடு சேர்ந்து வரும் கிராஃபிக்ஸ் போதும். வெப்பமும் குறைவு, தொல்லையும் குறைவு. குறிப்பாக என்விடியாவின் மூடிய டிரைவர், கெடு தவறாமல் வேலை செய்யவென்று அமைத்த ரியல்டைம் கர்னலைக் கண்டால் வழக்கமான முறையில் நிறுவ மறுக்கும். கட்டாயப்படுத்தித்தான் உள்ளே ஏற்ற வேண்டும். வீடியோ வேலையும் செய்பவர் தவிர மற்றவர்கள் அந்தத் தலைவலியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ரேம் 16 ஜிபி. மைக் பதிவு மட்டும் என்றால் 8 போதும். பெரிய சாம்பிள் நூலகங்களோடு (முன்பே பதிந்த வாத்திய ஒலிகளின் தொகுப்புகளோடு) பியானோ, வயலின் வரிசைகள் வாசிப்பவர் 32-க்குப் போகலாம். ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, பின்னால் மாற்றலாமா என்று முன்பே பாருங்கள்.

எஸ்எஸ்டியின் வேகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஆர்டர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வழக்கமாக 32 பிட் ஃப்ளோட்டில் சேமிக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக்குக்கு நிமிடத்துக்கு 11.5 எம்பி. 16 டிராக்கை ஒரு மணி நேரம் பதிந்தால் சுமார் 11 ஜிபி, நொடிக்கு 3 எம்பிதான் எழுதப்படுகிறது. வேகம் எந்த எஸ்எஸ்டியிலும் மிச்சமாக இருக்கும், இடம்தான் தீரும்.

யுஎஸ்பி சாக்கெட்டுகளை எண்ணுங்கள். கார்டுக்கு ஒன்று நேராக, ஹப் இல்லாமல் வேண்டும். மிடி கீபோர்டு, மவுஸ், பேக்கப் டிஸ்க்குக்கு மற்றவை. இரண்டே டைப்-சி சாக்கெட் உள்ள லேப்டாப்பில் ஒன்று சார்ஜருக்குப் போய்விட்டால் எல்லாவற்றையும் ஒரு ஹப்பில் தொங்கவிட நேரும். அங்கேதான் காரணம் புரியாத டிக் சத்தங்கள் தொடங்கும்.

வாங்கிய பின் நம்மால் மாற்ற முடியாத ஒன்று ஃபர்ம்வேர். லேப்டாப் தயாரிப்பாளர் எழுதிய அந்த நிரல், பேட்டரியையும் விசிறியையும் வெப்பத்தையும் கவனிக்க அவ்வப்போது பிராசஸரை இயங்குதளத்தின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். எஸ்எம்ஐ என்று அதற்குப் பெயர். அந்த நேரத்தில் கர்னலே நின்றுவிடும், எந்த ரியல்டைம் அமைப்பும் குறுக்கே போக முடியாது. சில மாடல்களில் இது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, சிலவற்றில் ஒரு மில்லிநொடியைத் தாண்டும். ஒரே பிராசஸர் உள்ள இரண்டு லேப்டாப்களில் ஒன்று 64 ஃபிரேமில் அமைதியாக ஓடி, மற்றது 256-இலும் தடுமாறுவதற்கு இது பெரிய காரணம். என்னிடம் இருந்த ஒரு லேப்டாப்பில் சீரான இடைவெளியில் ஒரு டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. பல வாரம் கேபிளையும் கார்டையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் டெஸ்க்டாப்பின் பேட்டரி அளவு காட்டும் குறியை நிறுத்தியதும் போய்விட்டது: அது பேட்டரியிடம் கணக்குக் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேர் உள்ளே புகுந்திருக்கிறது.

ஆப்பிள் எம் வரிசை பற்றிக் கேட்பவர்களுக்கு: எம்1, எம்2 லேப்டாப்களில், அவற்றுக்கென்றே செய்த அசாஹி லினக்ஸ் நன்றாக ஓடுகிறது. ஆனால் அவை இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறுபட்ட ஏஆர்எம் வகைப் பிராசஸர்கள். மூல நிரல் திறந்திருக்கும் பிளக்-இன்கள் கிடைக்கும், விலைக்கு விற்கும் பலவற்றுக்கு அந்தப் பதிப்பு இருக்காது. விண்டோஸ் பிளக்-இன்களை யாப்ரிட்ஜ் என்ற கருவி வழியே ஓட்ட நினைப்பவர் இன்டெல் அல்லது ஏஎம்டியோடு இருப்பதே நல்லது. ஐலாக் என்ற உரிமப் பூட்டு உள்ள பிளக்-இன்களை எந்த லேப்டாப்பிலும் நம்பாதீர்கள், ஐலாக் லினக்ஸை ஆதரிப்பதில்லை.

படி 5: வாங்கும் முன் சோதியுங்கள்

ஒலி வேலைக்கென்று செய்த லினக்ஸ் தொகுப்புகளான உபுண்டு ஸ்டுடியோவையோ ஏவி லினக்ஸையோ ஒரு பென்டிரைவில் எழுதிக்கொண்டு போய், அந்த லேப்டாப்பில் அதிலிருந்தே பூட் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். பழைய லேப்டாப் விற்பவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். புதிதாக வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் இதை முடித்துவிடுங்கள்.

பூட் ஆனதும் முதலில் வைஃபை, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் தூங்கி எழுகிறதா என்று பாருங்கள். அண்மைக்கால லேப்டாப் சிலவற்றில் உள் ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் தொகுப்பு இல்லாததாலோ, ஸ்பீக்கருக்கென்று இருக்கும் ஆம்ப் சில்லுக்குக் கர்னலில் இன்னும் ஆதரவு வராததாலோ இருக்கலாம். நாம் வெளிக் கார்டில் வேலை செய்யப்போகிறோம் என்பதால் இதற்காக மட்டும் நான் ஒரு லேப்டாப்பை நிராகரிக்க மாட்டேன்.

பிறகு உங்கள் கார்டை இணைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 128 ஃபிரேம் வைத்து, ஆர்டரில் நான்கைந்து டிராக்குகளில் பிளக்-இன்கள் போட்டு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் வைஃபையில் எதையாவது இறக்குங்கள், சார்ஜரைப் பிடுங்கிச் சொருகுங்கள், திரை வெளிச்சத்தை மாற்றுங்கள். எக்ஸ்ரன் எண்ணிக்கை மூலையில் தெரியும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவி இருக்கிறது. ரியல்டைம் முன்னுரிமையோடு அதை ஓடவிட்டு, 'அதிகபட்சம்' என்ற எண்ணை மட்டும் கவனியுங்கள். அது மைக்ரோநொடியில் வரும். 64 ஃபிரேமின் கெடு 1,333 மைக்ரோநொடி என்பது நினைவில் இருக்கட்டும். அதிகபட்சம் சில நூறுக்குள் நின்றால் நல்ல இயந்திரம். ஆயிரத்தைத் தொட்டால் ஃபர்ம்வேரின் கைவேலையாக இருக்கலாம். உடன்வரும் ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட் கருவி அதை உறுதிசெய்யும்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

புதிய கார்டு, புதிய லேப்டாப் என்றால் புதிய கர்னல் உள்ள வெளியீடு வேண்டும். மிக நிதானமாக நகரும் டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பில்) போன மாதம் வந்த கார்டைச் சொருகிவிட்டு லினக்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை.

ரியல்டைம் கர்னல் வேண்டுமா? ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனி ஒட்டாக வெளியே இருந்த ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்ற ரியல்டைம் வசதி, 2024 நவம்பரில் வந்த 6.12-இல் முதன்மைக் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒலி உலகத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய நாள். ஆனால் எடுத்த எடுப்பில் அதற்குப் போக வேண்டியதில்லை. 5.12 முதல் பல டிஸ்ட்ரோக்களின் சாதாரணக் கர்னலிலேயே, பூட் வரியில் ப்ரீஎம்ப்ட் என்பதை ஃபுல் என்று கொடுத்தால் பதில்வேகம் கூடும். கூடவே திரெட்ஐஆர்க்யூஸ் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். 128 ஃபிரேமில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதுமானதாக இருக்கும். அப்படியும் டிக் கேட்டால் ஆர்டி கர்னலைப் போடுங்கள்.

உங்கள் பயனர் பெயருக்கு ரியல்டைம் முன்னுரிமையும் நினைவகத்தைப் பூட்டும் உரிமையும் வேண்டும். ஆடியோ குழுவில் சேர்ந்து, லிமிட்ஸ் கோப்பில் ரியல்டைம் முன்னுரிமைக்கு 95, நினைவகப் பூட்டுக்கு எல்லையின்மை என்று எழுதுவது வழக்கம். ஒலிக்கென்றே செய்த டிஸ்ட்ரோக்கள் இதைத் தாமே செய்துவிடும். செய்த பிறகு வெளியேறி மீண்டும் உள்நுழைய மறக்காதீர்கள். அதை மறந்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேடுபவர்கள் ஏராளம். பதிவு நேரத்தில் பிராசஸரின் வேகத்தை ஆளும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு மாற்றுங்கள், வைஃபையை அணையுங்கள்.

மென்பொருள்களுக்கும் கார்டுக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் வேலைக்கு லினக்ஸில் பைப்வயரா ஜாக்கா என்ற கேள்விக்கு இன்று என் பதில் பைப்வயர். 2021-இல் ஃபெடோரா 34 அதை இயல்பாக ஏற்றது, 2023 நவம்பரில் 1.0 வந்தது. ஜாக்குக்காக எழுதிய மென்பொருள்கள் அதன்மேலேயே மாற்றமில்லாமல் ஓடும், பிரவுசர் ஒலியும் கூடவே கேட்கும். கார்டின் புரொஃபைலை ப்ரோ ஆடியோ என்று மாற்றுங்கள்; அப்போதுதான் எல்லா சேனல்களும் தனித்தனியாகத் தெரியும். பஃபர் அளவை இங்கே குவாண்டம் என்பார்கள், பொதுவாக 1024-இல் இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுத் தாமதம் என்று வருந்தாமல் 128-க்கு இறக்குங்கள். மிக்ஸ் செய்யும்போது திரும்ப 1024-க்கு ஏற்றிவிடலாம். அங்கே தாமதம் யாருக்கும் தெரியாது. ஜாக்கையே நேரடியாக ஓட்டுபவர்கள் யுஎஸ்பி கார்டுக்கு பீரியட் (வரிசையில் நிற்கும் பஃபர் துண்டு) எண்ணிக்கையை 2-க்குப் பதில் 3 வைத்துப் பார்க்கலாம். யுஎஸ்பி தன் பொட்டலங்களைத் தன் சொந்த நேரக் கணக்கில் அனுப்புவதால் கொஞ்சம் இடைவெளி கொடுத்தால் அமைதியாகிவிடும்.

ப்ளூடூத் ஹெட்போனில் மானிட்டர் செய்யாதீர்கள். அதன் தாமதம் மட்டும் பெரும்பாலும் நூறு மில்லிநொடியைத் தாண்டும். மேலே பட்ட பாடெல்லாம் வீணாகும்.

படி 7: இரைச்சலும் அளவீடும்

மைக்கைத் திறந்து வைத்து, எதுவும் பேசாமல் ஒரு நிமிடம் பதியுங்கள். ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மீண்டும் பதியுங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் அது மின் இணைப்பின் தரைவழிச் சுற்று. கார்டில் கோளாறு இல்லை. ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள்களை, வழியில் சேரும் இரைச்சலை ரத்துசெய்யும் பேலன்ஸ்டு வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே மின்பலகையில் சொருகிப் பார்ப்பதும் பலன் தரும்.

கடைசியாக, கார்டின் வெளியீடு ஒன்றிலிருந்து உள்ளீடு ஒன்றுக்கு ஒரு சிறு கேபிளை மாட்டுங்கள். ஆர்டரின் ஆடியோ அமைப்புத் திரையில் தாமதத்தை அளக்கும் வசதி இருக்கிறது. ஜாக் ஐஓடிலே கருவியும் அதையே செய்யும். வரும் எண், கணக்குப் போட்டு வந்ததைவிடச் சற்று அதிகமாக இருக்கும். அந்தக் கூடுதல்தான் உங்கள் கார்டின் சொந்தத் தாமதம். அதை மென்பொருளில் பதிந்துவிட்டால், பழைய டிராக்கைக் கேட்டபடி புதிதாகப் பாடும் ஒவ்வொரு வரியும் சரியான இடத்தில் போய் உட்காரும். யுஎஸ்பி கார்டுகளில் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இது சில ஃபிரேம் கூடக் குறைய மாறலாம், பொருட்படுத்த வேண்டாம். நான் பஃபர் அளவு ஒவ்வொன்றுக்கும் வந்த எண்ணை ஒரு சிறு தாளில் எழுதிக் கார்டின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். லேப்டாப் இரண்டு முறை மாறிவிட்டது; புது லேப்டாப் வரும் அன்று முதல் வேலையாக அந்தக் கேபிளை மாட்டி அளந்து, தாளில் ஒரு வரி கூட்டுகிறேன்.